பதினோராம் கழுத்து

சென்னைக்குப் போய்வருகிற எங்கள் பினாங்குப் பெண்கள் பட்டுச்சேலையோடும் முறுக்கு டப்பாவோடும் திரும்புவார்கள். நான் போனது ஒரு கழுத்தைத் தேடி. விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி வந்த காரணம் கேட்டபோது, சொந்தக்காரர்களைப் பார்க்க என்று சொல்லிவைத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் மனிதர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருப்பார்.

யாருடைய கழுத்து என்று எனக்கே தெரியாது. எண் மட்டும்தான் தெரியும்: பதினொன்று.

கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், மனிதக் கழுத்தெலும்பைக் கணினிக்குள் கட்டுவது என் பிழைப்பு. ஸ்கேன் படங்களை வைத்துக்கொண்டு ஏழு எலும்புகளையும் ஒவ்வொன்றாக வரைந்தெடுக்க வேண்டும். நடுவில் டிஸ்க், சுற்றிலும் தசைநார். எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான பொடிப்பொடிக் கட்டங்களாக அறுத்து, இது எலும்பு, இது ஜவ்வு, இது இவ்வளவு இழுத்தால் இவ்வளவு நீளும் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு மேலே தலையை வைத்து, தலைமேல் பாரத்தை வைத்து ஓடவிட்டால், கணினி வெகுநேரம் முனகிவிட்டு ஒரு வண்ணப்படம் தரும். நீலமாக இருந்தால் அந்த இடம் நிம்மதியாக இருக்கிறது. சிவப்பாக இருந்தால் அங்கே இழுத்துப் பிடிக்கிறது.

அந்த முறை எங்களுக்கு வந்த வேலை, தலையில் சுமை தூக்குகிறவர்களுக்காக மெத்தை வைத்த தொப்பி ஒன்றை வடிவமைப்பது. எங்கள் ஊரில் தலையில் சுமை தூக்க யார் இருக்கிறார்கள்? சென்னையில் ஒரு ஸ்கேன் மையத்தைப் பிடித்தார்கள். அவர்கள் சுமைதூக்கும் பன்னிரண்டு பேரை வேனில் ஏற்றிப் போய், நாஷ்டா வாங்கிக்கொடுத்து, படம் எடுத்துக் குறுந்தட்டுகளில் அனுப்பினார்கள். பெயர் இல்லை, முகவரி இல்லை. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள்.

பதினொன்று என் உயிரை வாங்கியது. அந்த ஆள் வாயில் உலோகக் கேப் போட்ட பல் ஒன்று இருந்தது. ஸ்கேனில் உலோகம் பட்டால் தீபாவளி மத்தாப்பு மாதிரி கோடு கோடாகச் சிதறும். சிதறல் சரியாக இரண்டாவது எலும்பின் மேலேயே விழுந்திருந்தது. ஒவ்வொரு கோடாக அழித்து எலும்பைத் தேடினேன். அந்த எலும்பில் மேல்நோக்கி ஒரு முளை இருக்கும். நம் தலை இடமும் வலமும் திரும்புவது அந்த முளையைச் சுற்றித்தான். இந்த மனிதருக்கு முளை எலும்போடு ஒட்டாமல் தனியாக ஒரு சின்னத் துண்டாக நின்றது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, பல்லால் வந்த கோடுதான் என்றார். நான் கணினியில் அந்தக் கழுத்தை மெல்லக் குனியவைத்தேன். முதல் எலும்பு வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. தலைமேல் ஒரு மூட்டையையும் வைத்துக் குனியவைத்தேன். தண்டுவடம் இறங்கிப் போகிற பாதை பாதியாகச் சுருங்கியது.

பேராசிரியரிடம் ஓடினேன். அவர் படத்தை நன்றாகவே பார்த்தார். ஒட்டாத முளைதான் என்று ஒத்துக்கொண்டார். அதை எடுத்துவிடு, சராசரியைக் கெடுக்கிறது என்றார். அந்த ஆளிடம் யார் சொல்வது என்று கேட்டேன். அவர் நம் நோயாளி இல்லையே என்றார். ஸ்கேன் மையத்துக்கு எழுதினேன். எங்களிடம் படம்தான் கேட்டீர்கள், அறிக்கை கேட்கவில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். பதிலே வரவில்லை. பதினோரு பேரோடு தொப்பி ஆராய்ச்சி ஒழுங்காக நடந்தது. அந்த ஒருத்தர் எங்கோ தினமும் தலையில் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் சாப்பாடு இறங்காமல் போகவில்லை. அந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அடுத்த தொகுதிக் குறுந்தட்டுகளைத் தபாலில் வரவழைக்காமல் நானே போய் வாங்கி வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்துக் கிளம்பினேன்.

முதல் நாள் முழுக்க ஸ்கேன் மையத்தில் போயிற்று. ராயபுரத்தில் நான் தங்கியிருந்த விடுதியிலிருந்து அங்கே போவதற்குள் ஆட்டோக்காரர் என்னை மூன்று முறை வெளிநாட்டுக்காரி என்று கண்டுபிடித்து, மூன்று முறையும் வாடகையை ஏற்றினார். மையத்தின் மேலாளர் நல்ல மனிதர்தான். குளிரூட்டிய அறை, ஏலக்காய் டீ, பிஸ்கட். பெயரைக் கேட்டதும் முகம் மாறியது. நோயாளியின் அந்தரங்கம், வெளியே சொல்லக் கூடாது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாதியைச் சொல்லச் சொன்னால் எங்கள் பேராசிரியருக்கு அவர் நோயாளி இல்லையாம், பெயரைச் சொல்லச் சொன்னால் இவருக்கு நோயாளியாம். இதைச் சத்தமாகவே கேட்டேன். அவர் இன்னொரு பிஸ்கட்டை என் பக்கம் நகர்த்தினார்.

வெளியே செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது படம் எடுக்கிற பெண் பின்னால் வந்தாள். எல்லாரும் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட் ஆட்கள், பதினோராவதாக உள்ளே போனவர் பெயர் ஏழுமலை, பெயர் கூப்பிட்டது அவளேதான் என்றாள். எப்படி ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன்.

"மூணு தடவை கூப்பிட்டேன் மேடம். காது கேக்காத மாதிரி உக்காந்திருந்தார். பக்கத்துல இருந்தவர் இடிச்ச பிறகுதான் எழுந்து வந்தார்."

காதும் மந்தமோ, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கொருக்குப்பேட்டை. அங்கே இருக்கும் ரயில்வே கேட்டைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். பினாங்குக்குப் படகேறும் எங்கள் பட்டர்வொர்த் துறையில் நிற்பவர்களுக்குக்கூடப் படகு கண்ணில் தெரியும். இங்கே கேட் சாத்தியிருந்தது, ரயிலைக் காணோம். ஒரு சரக்கு வண்டி ஆடி அசைந்து வந்தது, நின்றது, பின்னால் போனது, மறுபடி வந்தது. பள்ளிக்கூடப் பையோடு குழந்தைகள், பால்காரர், சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர், எல்லாரும் கட்டைக்கு அடியில் குனிந்து போனார்கள். நான் மட்டும் கணினிப் பையை அணைத்துக்கொண்டு நாகரிகமாக நின்றேன். கீரைக்கூடையோடு ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "இது தொறக்கற வரிக்கும் நின்னுகினு இருந்தா தல நரச்சிடும்மா" என்று சொல்லிவிட்டு, கூடை தலையிலேயே இருக்க, முழங்காலை மடக்கிக் கட்டைக்கு அடியில் நுழைந்தார். நானும் குனிந்தேன்.

கூட்ஸ் ஷெட்டில் ரயில்பெட்டியின் வாசலில் இரண்டு பேர் நின்று மூட்டையைத் தூக்கிக் கீழே நிற்பவரின் தலையிலும் பிடரியிலுமாக இறக்கினார்கள். அவர் சின்ன ஓட்டமாக லாரிக்கு ஓடினார். உடனே அடுத்தவர். மூட்டை இறங்குகிற நேரத்தில் ஒவ்வொரு கழுத்தும் லேசாக உள்ளே அமுங்கி மறுபடி எழும்பியது. எங்கள் கணினி மாதிரியில் நாங்கள் பாரத்தைப் பூப்போல வைத்திருந்தோம். என்னால் அங்கே நிற்கவே முடியவில்லை.

ஏழுமலையைக் கேட்டதும் மேஸ்திரி கைகாட்டினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் பித்தளை வில்லை கட்டியிருந்தது. அந்த வில்லை உள்ளவருக்குத்தான் அங்கே மூட்டை. தெளிவாகக் காது கேட்டது அவருக்கு. நான் ஸ்கேன் என்று ஆரம்பித்ததும் முகம் வெளுத்தது. முதலில் வாயைத் திறங்கள் என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி, பல்பொடிக் கம்பெனியிலிருந்தா வருகிறீர்கள், இலவசமாக ஏதாவது உண்டா என்று விசாரித்தார். ஏழுமலை வாயைத் திறந்தார். வெற்றிலைக் கறையோடு அத்தனை பல்லும் கடவுள் கொடுத்தபடியே இருந்தது. கேப் கிடையாது.

ஸ்கேன் மையத்துப் பெண் என்னை ஏமாற்றிவிட்டாள் என்று அவள்மேல் கோபம் வந்தது. ஏழுமலை என்னை மூட்டை அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"யக்கா, கோச்சிக்காத. பேரு தான் என்னுது. கயுத்து என் மச்சானுது."

அவர் சொன்னது இதுதான். ஸ்கேன் எடுத்த அன்றைக்கு மூலக்கொத்தளத்தில் அவருக்கு ஒரு சாவு. சித்தப்பா மகனை அடக்கம் செய்யப் போய்விட்டார். யாராவது ஒருவரால் வர முடியவில்லை என்றால் வீட்டிலிருந்து இன்னொருவர் அதே வில்லையைக் கட்டிக்கொண்டு வருவது அங்கே வழக்கம். கூப்பிட்டால் அந்தப் பெயருக்கு 'ஆங்' சொல்ல வேண்டும். முறை விட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான். எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்தில் இருக்கும் மனைவியின் தம்பி டில்லி, கடலில் மீன் இல்லாத நாட்களில் இப்படி ஏழுமலையாக வந்து மூட்டை தூக்குவார். அன்றைக்கும் வந்தார். வேன் வந்து, வில்லை உள்ளவர்களெல்லாம் ஏறுங்கள் என்றதும் ஏறிவிட்டார். மேஸ்திரிக்குத் தெரியக் கூடாது என்று ஏழுமலை கெஞ்சினார். மேஸ்திரியோ பத்தடி தள்ளி நின்று, டில்லிக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒருவேளை மேலாளர் மனமிரங்கிக் கடிதம் போட்டிருந்தால், அது இந்த ஏழுமலைக்கு வந்திருக்கும். குண்டுக்கல் மாதிரி கழுத்துள்ள இவர் வேலையை விட்டுவிட்டுப் பயந்து வீட்டில் படுத்திருப்பார். அவர் வில்லையைக் கட்டிக்கொண்டு டில்லி வந்து மூட்டை தூக்கியிருப்பார்.

அன்று சாயங்காலம் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் பர்மாவிலிருந்து வந்தவர்கள் போடும் அத்தோ சாப்பிட்டேன். நூடுல்ஸ், பொரித்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர், எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுக்கிறார்கள். பினாங்கில் மீ என்று நூடுல்ஸ் கிளறி விற்கிறவர் பார்த்தால் கரண்டியைக் கீழே போட்டுவிடுவார். இரண்டு தட்டு தின்றேன். கோபத்தில் எனக்கு எப்போதும் நன்றாகப் பசிக்கும்.

அடுத்த நாள் ஏழுமலையும் என்கூட வந்தார். அன்றைக்கு ஏழுமலை என்ற பெயரில் யார் மூட்டை தூக்கினார்களோ, நான் கேட்கவில்லை. சாலையில் போனால் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றே பொழுது போய்விடும் என்று அவர் ரயிலில் ஏற்றினார். ரயில் திருவொற்றியூர் தாண்டி வெட்டவெளியில் நின்றுவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் யாரோ ஒரு தெரிந்தவருக்கு டிஸ்க் நகர்ந்துவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். நகர்ந்தால் என்ன, திரும்பத் தள்ளிவைக்க மாட்டார்களா என்று ஒருத்தி கேட்டாள். வைக்கலாம், ஆனால் அது பழகிய இடத்துக்கே போகும் என்றாள் மற்றவள். இருவரையும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போகலாமா என்று தோன்றியது. அங்கே இதைவிட அக்கறையாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

நெட்டுக்குப்பத்துக்குப் போனால் ஒரு பக்கம் கழிமுகம், இன்னொரு பக்கம் மின்நிலையப் புகைபோக்கிகள். கொடியில் காய்கிற துணியைத் தட்டினால் சாம்பல் பறந்தது. டில்லி வீட்டு வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது, நல்ல உடற்கட்டு. மாமாவைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தார். கீழ்வரிசையில் வலப்பக்கம் அந்தப் பல் பளிச்சென்று மின்னியது. மாதக்கணக்கில் அந்தப் பல்லைத் திட்டியிருக்கிறேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்பின் தெரியாத பெண்பிள்ளை தன் வாயைப் பார்த்து அழுவதைக் கண்டு அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே போய்க் கணினியைத் திறந்தேன். டில்லியின் மனைவி தேசம்மா சுவரோரமாக உட்கார்ந்து எறா உரித்துக்கொண்டிருந்தார். நான் கழுத்தைத் திருப்பிக் காட்டினேன், குனியவைத்துக் காட்டினேன், முளை எங்கே ஒட்டவில்லை என்று பென்சிலால் தொட்டுக் காட்டினேன். டில்லிக்கு ஒரே குஷி. கலர் கலராகத் தான் இருப்பது அவருக்குப் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். விழுந்தால், அடிபட்டால், பாரத்தோடு கால் இடறினால் கைகால் விழுந்துபோகலாம், மூச்சே நின்றுபோகலாம் என்று சொன்னேன். தனக்கு ஒரு வலியும் கிடையாது என்றும், பத்து வருஷமாக ஐஸும் மீனும் தலையில்தான் தூக்குவதாகவும், கம்ப்யூட்டருக்குத்தான் ஏதோ கோளாறு என்றும் அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

தேசம்மா எறா உரிப்பதை நிறுத்திவிட்டார். சுற்றி நின்றவர்களைப் போகச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்.

"இது உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

மழைக்கு முன்னாலேயே தெரியும் என்றேன்.

"மழைக்கு மின்னாடியே தெரியும். அன்னிலேர்ந்து தெனம் காலைல நான்தான் இந்தாளு தலையில கூடைய தூக்கி வுட்டுகினு கீறேன். ஒருத்தர் வந்து சொல்லலியேம்மா. போட்டா புட்ச்சிகினு போனீங்களே, அத்த பாத்தவங்க யாருமே மனுசங்க இல்லியா?"

நான் எத்தனை முறை எழுதினேன், யார் யாரிடம் சண்டை போட்டேன் என்றெல்லாம் வாய்வரை வந்தது. அவர் கேட்டதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் கேட்க உரிமையுள்ளவர் வாயிலிருந்து வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. அவர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். அந்தக் கோபத்தோடேயே சோறும் நண்டுக்குழம்பும் எறாத் தொக்கும் போட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போனோம். டில்லி வருவதாக இல்லை. மாமாவும் மனைவியும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு வரிசை இருந்தது. காவலர் என்னிடம் மூன்று வாசல் காட்டினார், மூன்றும் தப்பு. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியாக இருந்தால் இந்நேரம் புகார்ப் பெட்டியைத் தேடியிருப்பேன். ஒருவழியாக உள்ளே போனபோது, சாப்பிட நேரமில்லாத முகத்தோடு ஓர் இளம் டாக்டர் உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த படங்களை விளக்கில் வைத்துப் பார்த்தார். வண்ணப்படத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனியவைத்து ஒன்று, நிமிரவைத்து ஒன்று என்று புதிதாக எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். அது வந்த பிறகு டில்லியைக் கட்டிலில் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே ரப்பர்ச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினார்.

கால் எகிறியது. டாக்டர் ஒதுங்கியிருக்காவிட்டால் அடிபட்டிருக்கும். டில்லி, நான் உதைக்கலை டாக்டர் என்று பதறினார். இன்னொரு காலும் அதேபோல எகிறியது. தேசம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். என் ஆயிரக்கணக்கான கட்டங்களும் சிவப்பும் நீலமும் சொல்லிப் பாதி நம்பியிருந்ததை, புருஷனுடைய கால் அவர் சொல்லாமல் தானாக எகிறியதைப் பார்த்து தேசம்மா முழுசாக நம்பிவிட்டார்.

தண்டுவடம் ஏற்கெனவே நெரிபட ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். முதல் இரண்டு எலும்புகளையும் கம்பி வைத்து இணைக்க வேண்டும். படுக்கை காலியாக சில வாரம் ஆகும். அதுவரை கழுத்துப் பட்டையைக் கழற்றக் கூடாது, சுமை கூடவே கூடாது, முடிவெட்டுகிற இடத்தில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்க விடக் கூடாது. யார் இந்தப் படத்தைக் கண்டுபிடித்தது என்று கேட்டார். நான் என்றேன். எப்போது எடுத்த படம் என்று அதன் மூலையைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று விடுதிக்குப் பக்கத்தில் இருந்த பிரௌசிங் சென்டரில் மின்னஞ்சல் பார்த்தேன். ஸ்கேன் மையம் புகார் செய்திருந்தது. பதினொன்றைத் தேடிப் போனது ஆய்வு விதிகளுக்கு மாறானது, திரும்பியதும் விளக்கம் தர வேண்டும் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அவர் பெயர் டில்லி என்று ஒரு வரி மட்டும் பதில் போட்டேன்.

ஊருக்குத் திரும்புகிற நாள் காலையில் சொல்லிக்கொண்டு வரலாம் என்று நெட்டுக்குப்பம் போனேன். வீட்டில் யாரும் இல்லை. கழிமுகத்து மணலில் படகுகள் வந்திருந்தன. சாலையில் ஐஸ் வைத்த வேன் நின்றது. படகிலிருந்து வேனுக்கு மீனைக் கொண்டுபோவதுதான் டில்லியின் வேலை. நான் பயந்தபடியே அவர் அங்கே இருந்தார். கழுத்துப் பட்டை படகின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அலுமினிய அன்னக்கூடை நிறைய மீன். துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டு, கூடைக்குப் பக்கத்தில் குந்தியபடி அவர் யாரையோ கைகொடுக்கக் கூப்பிட்டார். நிறைகூடையை யாரும் தனியாகத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரே ஒருவர் நின்று தூக்கிவிட வேண்டும். நான் மணலில் ஓடினேன். கத்த வாயெடுத்தேன்.

தேவையே இருக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் வலையை உதறப் போய்விட்டார். இன்னொருவர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டில்லி பெயர் சொல்லிக் கூப்பிட்டார், மாமு என்றார், தோஸ்து என்றார். அத்தனை ஆண்கள் நின்ற இடத்தில் ஒருவரும் அசையவில்லை. முந்தின நாள் மாலை தேசம்மா வீடுவீடாகப் போயிருக்கிறார் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் என் காதில் சொன்னார். இவர் தலையில் யாராவது கூடையைத் தூக்கிவிட்டால் அவர்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பேராசிரியரும் மையமும் விதிமுறையும் செய்யாததை ஒரு பெண் ஒரே மாலையில் ஒரு குப்பத்தையே வைத்துச் செய்துமுடித்திருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

டில்லியின் கண்ணில் நான் பட்டேன்.

"நீ ஏரோப்ளேன் ஏறி பூடுவ. வண்டி நின்னுகினு கீது, மீனு கீது. நான் இன்னா பண்றது, நீயே சொல்லு."

வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மீன் காத்திருக்காது.

தேசம்மா எங்கிருந்தோ வந்தார். முதலில் கழுத்துப் பட்டையை எடுத்து டில்லியின் கழுத்தில் மாட்டினார். பிறகு அவர் தலையிலிருந்த துண்டை உருவி, இன்னும் இறுக்கமாகச் சுருட்டித் தன் தலையில் வைத்துக்கொண்டு கூடைக்கு முன்னால் குந்தினார்.

"தூக்கி வுடுங்க."

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் உடனே திரும்பினார். வலை உதறியவரும் வந்தார். இருவருமாகக் கூடையைத் தூக்கி அவர் தலையில் வைத்தார்கள். அவர் கழுத்து லேசாக உள்ளே அமுங்கி எழும்பியது. எழுந்து நின்று, ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு மணலில் ஏறி நடந்தார்.

பன்னிரண்டு கழுத்து எடுத்தோம். ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. பெண்ணின் கழுத்தெலும்பு சின்னது, தசை மெலிசு, அதே பாரம் அங்கே இன்னும் சிவப்பாகக் காட்டும் என்று தெரியாதவர் எங்கள் கூடத்தில் யாரும் கிடையாது. ஆண்கள் வேனில் ஏறச் சம்மதிப்பார்கள், வேலை சீக்கிரம் முடியும் என்று விட்டுவிட்டோம். கீரைக்கூடை அம்மாள் கட்டைக்கு அடியில் நுழைந்தபோதுகூட எனக்கு அது உறைக்கவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மணலில் நின்றேன். யாரையாவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை போலிருந்தது.

டில்லி சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார். பட்டை போட்ட கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்போடு திரும்பி நின்று மனைவி போவதையே பார்த்தார். தேசம்மா வேனில் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்பி வந்தபோதும் அவர் பார்வை அங்கேயே இருந்தது. நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேசம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு ரெண்டு பேரும் என் கயுத்தயே பாத்துகினு கீறீங்க? அடுத்த கூடைய ரொப்புங்க."